தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் டேட்டா அனலிஸ்ட்: பாட்டிலில் தொடங்கி ரிப்போர்ட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

லேபில் டேட்டா அனலிஸ்ட் வேலை என்றால் ஏசி அறை, இரண்டு திரை, வண்ண வண்ண டேஷ்போர்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சேர்ந்த முதல் நாள் கையில் கொடுத்தது ஒரு ரெஜிஸ்டர். ஆசிட் பட்டு ஒரு மூலை பழுப்பாகிப் பொடிந்து போயிருந்தது. "எல்லா நம்பரும் இதுலதான் பொறக்குது. கம்ப்யூட்டரை அப்புறம் தொடலாம், இதைப் படிங்க" என்றார் சீனியர் கெமிஸ்ட் அக்கா. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்று புதிதாக யார் வந்தாலும் நானும் அதையேதான் செய்கிறேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது கிணறு, போர்வெல், குழாய்த் தண்ணீரைப் பரிசோதிக்கும் லேப். மருந்துக் கம்பெனிக்கோ உணவுப் பரிசோதனைக்கோ போனால் கருவிகள் மாறும், விதிகள் இன்னும் கறாராகும். வேலையின் போக்கு பெரிதாக மாறாது. வேதியியல் படித்துவிட்டுக் கணினிப் பக்கம் வருகிறவர்களும் சரி, கணினி படித்துவிட்டு லேபுக்குள் நுழைகிறவர்களும் சரி, இதே வரிசையில் போகலாம்.

படி 1: முதல் இரண்டு வாரம் பெஞ்சில் (பரிசோதனை மேசையில்)

ஒரே ஒரு பாட்டிலைத் தேர்ந்தெடுத்து, அது உள்ளே வந்த நேரம் முதல் ரிப்போர்ட் ஆகும் வரை பின்னாலேயே போங்கள். யார் எடுத்து வந்தார்கள், ஐஸ் பெட்டியில் வந்ததா, லேபிளில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இது வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல. பிஎச் எடுத்த இடத்திலேயே பார்க்க வேண்டியது; லேபுக்கு வந்து சேர்வதற்குள் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறி ரீடிங் ஏறிவிடும். நைட்ரேட்டைக் குளிரில் வைத்து 48 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். ஃபுளோரைடுக்குப் பிளாஸ்டிக் பாட்டில்தான், கண்ணாடி கூடாது. ஆனால் அது 28 நாள் வரை தாங்கும். உலோகங்களுக்கு நைட்ரிக் ஆசிட் விட்டுப் பிஎச்சை 2-க்குக் கீழே இறக்கியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வந்த பாட்டிலுக்குத் திங்கள் மதியம் நைட்ரேட் ரீடிங் எடுத்திருந்தால், உங்கள் எக்செல் அதை எவ்வளவு அழகாகக் கூட்டிக் கழித்தாலும் அது செல்லாத எண். திரையை மட்டும் பார்க்கிற அனலிஸ்டுக்கு இது கடைசி வரை தெரியாது.

கல்யாணப் பேச்சில் ஜாதகம் கேட்பதைப் போல ஒவ்வொரு எண்ணுக்கும் ஜாதகம் கேளுங்கள்: எந்த மாதிரி, எந்தத் தேதி, எந்த முறை, எந்தக் கருவி, யார் கை, எத்தனை மடங்கு டைலூஷன் (நீர்த்தல்), எந்த கேலிப்ரேஷன் (கருவியைத் தெரிந்த அளவுகளோடு ஒத்துப் பார்த்தது). இந்த ஏழும் இல்லாத எண்ணை அட்டவணைக்குள் விடாதீர்கள்.

படி 2: அளவுகளையும் அலகுகளையும் கரைத்துக் குடியுங்கள்

குடிநீருக்கு இந்தியாவில் ஐஎஸ் 10500:2012 தான் வேதம். அதில் பல அளவுருக்களுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று ஏற்கத்தக்க வரம்பு. இன்னொன்று வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் அனுமதிக்கும் வரம்பு. கரைந்த மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம், மாற்று இல்லையென்றால் 2000. கடினத்தன்மை 200, 600. குளோரைடு 250, 1000. ஃபுளோரைடு 1.0, 1.5. நைட்ரேட்டுக்கு மட்டும் 45 தான், சலுகையே இல்லை.

இந்த நைட்ரேட்தான் புதியவர்களை அதிகம் கவிழ்ப்பது. சில கருவிகளும் கிட்களும் அளவை 'நைட்ரஜனாக' (அதிலுள்ள நைட்ரஜனின் எடையை மட்டும்) காட்டும், சில 'நைட்ரேட்டாக' (முழு நைட்ரேட்டின் எடையை) காட்டும். இரண்டுக்கும் இடையே 4.43 மடங்கு வித்தியாசம். கருவி 12 என்று காட்டுகிறது, வரம்பு 45, நல்ல தண்ணீர் என்று எழுதிவிட்டால் போச்சு. அந்த 12 நைட்ரஜன் கணக்கு என்றால் நைட்ரேட்டாக 53. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அதைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. ஆகவே ஷீட்டில் அந்தப் பத்தியின் (column) தலைப்பிலேயே 'நைட்ரேட் (நைட்ரேட்டாக), மி.கி./லி.' என்று முழுசாக எழுதுங்கள். வெறும் 'நைட்ரேட்' என்று தலைப்பு வைத்த ஷீட்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

படி 3: மூல டேட்டாவைத் தொடாதீர்கள்

கருவியிலிருந்து இறங்கிய கோப்பு ஒரு ஃபோல்டரில், படிக்க மட்டும் என்று பூட்டி. உங்கள் கணக்கெல்லாம் அதன் நகலில். ரெஜிஸ்டரில் தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வெள்ளை மை கூடவே கூடாது. துண்டுச் சீட்டில் குறித்துவிட்டு அப்புறம் ரெஜிஸ்டரில் 'ஃபேர் காப்பி' எடுப்பதும் கூடாது. பள்ளிக்கூடத்துப் பழக்கம் இங்கே குற்றம்.

எக்செல் நல்ல வேலைக்காரன்தான், ஆனால் கேட்காமலே உதவி செய்யும். மாதிரி எண் '3-5' என்று அடித்தால் அதைத் தேதியாக்கி வைக்கும். '00417' என்பதில் முன்னால் இருக்கும் பூஜ்யங்களைத் தின்றுவிடும். மரபணு ஆராய்ச்சிக்காரர்கள் இதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. மார்ச், செப்டம்பர் மாதங்களைப் போன்ற சுருக்கப் பெயர் கொண்ட மரபணுக்களையெல்லாம் எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. அன்றைக்கு எக்செல் மாறவில்லை, மரபணுக்கள் மாறின! அதே ஆண்டு இங்கிலாந்தில் கொரோனா முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியதில், 65,536 வரிசைகளுக்கு மேல் அது ஏற்காது என்பதால், ஏறத்தாழ 16,000 பேரின் முடிவுகள் சில நாட்கள் கணக்கில் வராமலே போயின.

எனவே மாதிரி எண் பத்தியை டேட்டா ஏற்றுவதற்கு முன்பே 'டெக்ஸ்ட்' ஆக மாற்றுங்கள். ஏற்றியதும், கோப்பில் எத்தனை வரி, ஷீட்டில் எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள். சூத்திரம் இருக்கும் செல்களைப் பூட்டுங்கள். புது வொர்க்ஷீட்டைப் புழக்கத்துக்கு விடும் முன், ஒரு மாதிரியின் கணக்கைக் கால்குலேட்டரில் கையால் போட்டு ஒத்துப் பார்த்து, அந்தத் தாளையும் கோப்பில் வையுங்கள். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கேட்பார்கள்.

படி 4: கேலிப்ரேஷன் கோட்டை நம்பாதீர்கள், சோதியுங்கள்

அளவு தெரிந்த கரைசல்களை, அதாவது ஸ்டாண்டர்டுகளைக் கருவியில் பார்த்து, அளவுக்கும் ரீடிங்குக்கும் போடுகிற கோடுதான் கேலிப்ரேஷன் கோடு. புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்று சொல்லும் ஆர்-ஸ்கொயர் 0.999 வந்துவிட்டது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறவர்கள் பலர். அந்த எண் பெரிய ஸ்டாண்டர்டுகளுக்கு வால் பிடிக்கும். கீழ்முனையில் என்ன நடக்கிறது என்று சொல்லாது. செய்ய வேண்டியது எளிது: கோடு போட்ட பிறகு ஒவ்வொரு ஸ்டாண்டர்டின் ரீடிங்கையும் அதே கோட்டில் திருப்பிப் போட்டு அளவைக் கணக்கிடுங்கள். 0.2 ஸ்டாண்டர்டு 0.31 என்று திரும்பி வந்தால், ஆர்-ஸ்கொயர் எத்தனை ஒன்பது வைத்திருந்தாலும் அந்தக் கோட்டை வைத்து 0.2 பக்கத்தில் இருக்கும் மாதிரிக்கு ரிசல்ட் கொடுக்காதீர்கள். கடைசி ஸ்டாண்டர்டுக்கு மேலே போன ரீடிங்கையும் அப்படியே எழுதக் கூடாது. டைலூட் செய்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

கருவியின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். ஃபுளோரைடுக்கு எலெக்ட்ரோடு வைத்துப் பார்க்கும் முறையில், அளவு பத்து மடங்கு ஏறினால் ரீடிங் 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 59 மில்லிவோல்ட் இறங்க வேண்டும். அது இயற்பியல் விதி. நம் லேபுக்கு என்று தனி விதி கிடையாது. ஒரு நாள் எங்கள் ஷீட்டில் சரிவு 48 என்று வந்தது. கோடு நேராக, அழகாக இருந்தது. பெஞ்சுக்குப் போய்க் கேட்டால், எலெக்ட்ரோடுக்குள் ஊற்றும் திரவம் தீரும் நிலையில் இருந்தது. மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினால் 58. இன்னொன்று: சாயம் சேர்த்து ஃபுளோரைடு பார்க்கும் ஸ்பாட்ன்ஸ் முறையில் ஃபுளோரைடு ஏற ஏற நிறம் வெளுக்கும், கோடு கீழ்நோக்கிச் சாயும். கணினி படித்துவிட்டு வந்த ஒரு தம்பி அதைப் பிழை என்று நினைத்து மைனஸ் குறியை எடுத்துவிட்டான். நல்லவேளை, அக்கா பார்த்துவிட்டார்.

படி 5: தரக்கட்டுப்பாட்டு மாதிரிகள்

ஒவ்வொரு தொகுதியுடனும் நான்கு பேர் காவலுக்குப் போக வேண்டும். பிளாங்க், டூப்ளிகேட், ஸ்பைக், செக் ஸ்டாண்டர்டு.

பிளாங்க் என்பது மாதிரிக்குப் பதில் சுத்தத் தண்ணீர். அதில் எதுவும் வரக் கூடாது; வந்தால் தண்ணீரோ பாத்திரமோ அழுக்கு. டூப்ளிகேட் என்பது ஒரே மாதிரியை இரண்டு முறை பார்ப்பது. அதில் இரண்டு ரீடிங்கின் வித்தியாசத்தை அவற்றின் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். உங்கள் லேப் வைத்திருக்கும் எல்லைக்குள் இருக்கிறதா பாருங்கள். ஸ்பைக் என்பது தெரிந்த அளவைச் சேர்த்து, அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. மாதிரியில் ஃபுளோரைடு 0.80, அதில் 1.00 சேர்த்தோம், ரீடிங் 1.71. சேர்த்ததில் 0.91 திரும்பி வந்திருக்கிறது, அதாவது 91%. பரவாயில்லை. 60% தான் வந்தால் தண்ணீரில் இருக்கிற அலுமினியமோ இரும்போ ஃபுளோரைடைப் பிடித்து வைத்திருக்கலாம். அந்தப் பிடியை விடுவிக்கச் சேர்க்கும் பஃபர் கரைசலைச் சரியாகச் சேர்த்தார்களா என்று கேளுங்கள்.

செக் ஸ்டாண்டர்டு, அதாவது சரிபார்க்க ஓட்டும் அளவு தெரிந்த கரைசலின் அன்றாட ரீடிங்கைக் கட்டுப்பாட்டு வரைபடத்தில் புள்ளியாக வைத்துக்கொண்டே வாருங்கள். வால்டர் ஷூஹார்ட் 1924-இல் தொழிற்சாலைக்காகப் போட்டுக் கொடுத்த வித்தை இது. நூறு வருடமாகியும் இதை மிஞ்ச ஒன்று வரவில்லை. நடுவில் சராசரி, இருபுறமும் இரண்டு திட்ட விலக்கத்தில் (ரீடிங்குகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) எச்சரிக்கைக் கோடு, மூன்றில் நிறுத்தக் கோடு. கோட்டைத் தாண்டினால் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, தாண்டாமலே ஏழெட்டுப் புள்ளிகள் வரிசையாக ஒரே பக்கம் உட்கார்ந்திருப்பதை. கூரை ஒழுகுவதற்கு முன் சுவரில் ஈரம் தெரிவது மாதிரி அது. புது ஸ்டாண்டர்டு பாட்டில் திறந்த தேதி, கருவியின் விளக்கு மாற்றிய தேதி, ஆள் மாறிய தேதி இவற்றை அதே வரைபடத்தில் பென்சிலால் குறித்து வைத்தால் காரணம் பாதி நேரம் அங்கேயே தெரிந்துவிடும்.

படி 6: மின்சுமைக் கணக்கு

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் அனலிஸ்ட் ஆனேன் என்று சொல்வேன்.

தண்ணீர் மின்சாரம் ஏறியதல்ல. அதில் கரைந்திருக்கும் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சமமாக இருந்தே தீர வேண்டும். ஆகவே ஒவ்வொன்றின் மில்லிகிராமையும் அதன் சமான எடையால் (அயனியின் எடையை அதன் மின்சுமையால் வகுத்த எண்) வகுத்துத் தனித்தனியாகக் கூட்டினால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். வரவில்லை என்றால் யாரோ எங்கோ தவறியிருக்கிறார்கள்.

ஒரு போர்வெல் தண்ணீரைப் போட்டுப் பார்ப்போம். கால்சியம் 80, 20.04 ஆல் வகுத்தால் 3.99. மெக்னீசியம் 36, 12.15 ஆல் வகுத்தால் 2.96. சோடியம் 115, 22.99 ஆல் வகுத்தால் 5.00. பொட்டாசியம் 8, 39.1 ஆல் வகுத்தால் 0.20. கூட்டினால் 12.15.

எதிர்ப்பக்கம்: பைகார்பனேட் 305-ஐ 61.02 ஆல் வகுத்தால் 5.00. குளோரைடு ரெஜிஸ்டரில் 17.7, 35.45 ஆல் வகுத்தால் 0.50. சல்ஃபேட் 72-ஐ 48.03 ஆல் வகுத்தால் 1.50. நைட்ரேட் 31-ஐ 62 ஆல் வகுத்தால் 0.50. ஃபுளோரைடு 1.2, அது 0.06. கூட்டினால் 7.56.

வித்தியாசம் 4.59. இரண்டு பக்கத்தையும் கூட்டினால் 19.71, அதால் வகுத்தால் 23%. இவ்வளவு கனமான தண்ணீருக்கு 5%-க்குள் இருக்க வேண்டும். எங்கே குறைகிறது? எதிர்ப்பக்கத்தில். எவ்வளவு? நாலரைக்குக் கொஞ்சம் மேலே. குளோரைடு 0.50-க்குப் பதில் 5 இருந்தால் சரியாகிவிடும், அதாவது சரியாகப் பத்து மடங்கு. இன்னொரு சாட்சியும் உண்டு. மின்கடத்துத்திறனை (மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. கணக்கில்) நூறால் வகுத்தால் ஒரு பக்கக் கூட்டுத்தொகை ஏறத்தாழ வரும். மீட்டர் காட்டியது 1210. அப்படியானால் 12 சுற்றி வர வேண்டும். நேர்ப்பக்கம் 12.15 பொருந்துகிறது, எதிர்ப்பக்கம்தான் பொருந்தவில்லை.

இப்போது பெஞ்சுக்குப் போங்கள். டைட்ரேஷன் தாளைப் புரட்டினால், மாதிரி பத்து மடங்கு டைலூட் செய்யப்பட்டிருக்கிறது, பெருக்க மறந்துவிட்டார்கள். குளோரைடு 177. சமானம் 4.99, எதிர்ப்பக்கம் 12.05, பிழை அரை சதவீதத்துக்கும் கீழே. ஒரு சொட்டுக் கூட மறுபடி டைட்ரேட் செய்யாமல், திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தவறு எந்த மேசையில் என்று சொல்லிவிட்டோம்.

ஒரு எச்சரிக்கை. கணக்கு சமமாக வர வேண்டும் என்பதற்காக எண்ணைத் திருத்தாதீர்கள். சோடியத்தை அளக்காமல், மீதியை எல்லாம் சோடியம் என்று எழுதிவிட்டு 'பிழை 0%' என்று காட்டுகிற ஷீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லா மாதிரியிலும் பிழை 0.0% என்று வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 7: ஒட்டாத எண்ணை என்ன செய்வது

அழிக்காதீர்கள். கொடி போடுங்கள். அதாவது பக்கத்துப் பத்தியில் 'சந்தேகம், காரணம் இன்னது' என்று குறித்துவிட்டு எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள்.

1985-இல் அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்துத் தரைக் கருவியை வைத்து ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் ஓசோன் ஓட்டையை அறிவித்தார்கள். நாசாவின் செயற்கைக்கோளும் அதே குறைந்த அளவுகளைப் பதிந்திருந்தது. ஆனால் 180 டாப்சனுக்குக் (ஓசோனை அளக்கும் அலகு) கீழே வந்தவற்றை மென்பொருள் சந்தேகக் கொடி போட்டு ஒதுக்கியிருந்தது. எண்கள் அழிக்கப்படாமல் இருந்ததால்தான் திரும்ப எடுத்துப் பார்த்து ஓட்டை உண்மை என்று உறுதி செய்ய முடிந்தது.

கிரப்ஸ் சோதனை மாதிரி விலகல் சோதனைகள் உண்டு, கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அவை 'இது விலகி நிற்கிறது' என்று மட்டும்தான் சொல்லும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வருகிறது. பக்கத்துப் பக்கத்து போர்வெல்லிலேயே ஆழத்துக்குத் தக்கபடி அளவு தாவும். அங்கே 0.9, 1.1, 1.0-க்கு நடுவில் வரும் 3.4 உண்மையாகவே இருக்கலாம். அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டிய எண்ணும் அதுதான். பாட்டிலில் மிச்சம் இருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் புது மாதிரி கேளுங்கள்.

படி 8: பூஜ்யம், தசமம், வரம்பு

கருவியால் பார்க்க முடியாத அளவைப் பூஜ்யம் என்று எழுதக் கூடாது. குறைந்த அளவுள்ள ஒரே மாதிரியை ஏழு முறை முழு முறைப்படி ஓட்டி, திட்ட விலக்கத்தை 3.143 ஆல் பெருக்குவது வழக்கமான ஒரு வழி. விலக்கம் 0.012 என்றால் கண்டறியும் எல்லை 0.04. அதற்குக் கீழே வந்தால் '0.04-க்குக் குறைவு' என்றுதான் எழுத வேண்டும். எக்செலில் இதற்கு இரண்டு பத்திகள் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் எண், ஒன்றில் 'குறைவு' என்ற குறி. ஒரே செல்லில் அடித்தால் அது எழுத்தாகிவிடும். சராசரி எடுக்கும்போது எக்செல் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், சராசரி உண்மையைவிட ஏறிப்போகும்.

தசமத்தைக் கடைசியில்தான் சுருக்க வேண்டும், வழியில் அல்ல.

வரம்புக்கு ஒட்டி வரும் எண் தலைவலி. ஃபுளோரைடு 1.48, நிச்சயமின்மை 0.10 (உண்மை அளவு இவ்வளவு ஏறியோ இறங்கியோ இருக்கலாம்). வரம்பு 1.5. பாஸா, ஃபெயிலா? இதை அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. லேபுகளுக்கான சர்வதேசத் தர விதியான ஐஎஸ்ஓ 17025-இன் 2017 பதிப்பு, பொருந்துகிறதா இல்லையா என்று தீர்ப்பு சொல்லும் லேபுகள் முடிவு விதியை (நிச்சயமின்மையை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதை) முன்கூட்டியே வகுத்து வைத்திருக்க வேண்டும் என்கிறது. வாடிக்கையாளரிடமும் அதை முதலிலேயே பேசியிருக்க வேண்டும்.

கருவிகள், மென்பொருள்: எதை எப்போது

முதல் ஆறு மாதம் எக்செல் போதும். பைவட் டேபிளும் வரைபடமும் கை வந்தால் நல்லது. லேபில் லிம்ஸ் (மாதிரிகளையும் முடிவுகளையும் நிர்வகிக்கும்) மென்பொருள் இருந்தால் எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டிய டேட்டாவை யாரையும் கேட்காமல் எடுக்கலாம். அதன் பிறகு பைதான், ஆர் (R) என்ற நிரல் மொழிகளில் ஏதாவது ஒன்று. இரண்டில் எது நல்லது என்று சண்டை போடுகிற நேரத்தில் மின்சுமைக் கணக்கைத் தானாகப் போடுகிற நாற்பது வரி நிரலை எழுதிவிடலாம். நான் முதலில் எழுதியதும் அதுதான்.

படி 9: ரிப்போர்ட் போன பிறகு தவறு தெரிந்தால்

தெரியும், ஒரு நாள் கட்டாயம் தெரியும். எனக்கு இரண்டாம் வருடத்தில் தெரிந்தது. பழைய ஷீட்டில் ஒரு டைலூஷன் செல், மேலே இருந்த வரியைச் சுட்டிக்கொண்டு நின்றது. ஒரு கிராமத்துக் கிணற்றின் கடினத்தன்மை பாதியாகப் போயிருந்தது. ரிப்போர்ட்டும் கையெழுத்தாகிப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

செய்ய வேண்டியது இது. அன்றைக்கே மேலாளரிடம் சொல்லுங்கள். அதே ஷீட்டில் ஓடிய மற்ற மாதிரிகள் எவை என்று பட்டியல் எடுத்து எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிடுங்கள். பழைய கோப்பின் மேல் எழுதாதீர்கள். 'இன்ன எண்ணுள்ள ரிப்போர்ட்டுக்குப் பதிலாக' என்று குறிப்பிட்டு, எது மாறியது, ஏன் மாறியது என்று எழுதி, திருத்திய ரிப்போர்ட்டைப் புது எண்ணில் வெளியிடுங்கள். வாடிக்கையாளருக்கு மெயில் மட்டும் போதாது, போன் செய்யுங்கள்.

அன்று பட்டியலில் 14 மாதிரிகள் வந்தன. அவற்றில் தவறு இருந்தது மூன்றில். ஊராட்சிச் செயலரிடம் நானே பேசினேன். அவர் திட்டவில்லை, "சார், அந்தக் கிணத்துல சோப்பு நுரையே வராதுன்னு பொம்பளைங்க அப்பவே சொன்னாங்க" என்றார். அன்றிலிருந்து மாதிரி வாங்கும் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'இந்தத் தண்ணீரைப் பற்றி ஊரில் என்ன சொல்கிறார்கள்?'